நுரையீரல் நோயாளிகளின் எலும்பு மெலிவு: சுங்கை சிப்புட் வட்டாரக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ரப்பர்ப் பால் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் காலம் கழித்து, இப்போது பட்டணத்து மலிவு விலை வீடுகளுக்குக் குடிவந்துவிட்ட முதியவர்களில் பலர் நாள்பட்ட நுரையீரல் நோயோடு வாழ்கிறார்கள். மூச்சுக்கு மருந்து வாங்க மாதம் தவறாமல் கிளினிக்குக்குச் செல்லும் இவர்கள் தங்கள் எலும்பைப் பற்றிக் கேட்பதில்லை. முதுகு வளைந்தால் வயதாகிவிட்டது என்றும், உயரம் குறைந்தால் உடம்பு தளர்ந்துவிட்டது என்றும் வீட்டார் சொல்லிவிடுகிறார்கள். அந்த வளைவு பல நேரங்களில் முதுமையால் வருவதன்று. முதுகெலும்பு நொறுங்குவதால் வருவது, முன்கூட்டியே கண்டுபிடித்தால் பெரும்பாலும் தடுக்கக்கூடியது. நுரையீரல் நோயாளிகளுக்கு மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுக்கும்போது குடும்பத்தினர் என்னிடம் கேட்கும் கேள்விகளையும் அவற்றுக்குரிய பதில்களையும் இங்கே தருகிறேன்.

நோய் நுரையீரலில் இருக்கிறது. அது எலும்பை எப்படிப் பாதிக்கும்?

எலும்பு உயிருள்ள திசு. பழைய எலும்பைக் கரைக்கும் செல்களும் புதிய எலும்பைக் கட்டும் செல்களும் வாழ்நாள் முழுவதும் அதில் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. கட்டுவதைவிடக் கரைப்பது மிஞ்சும்போது எலும்பு உள்ளுக்குள் துளை துளையாக மெலிகிறது, இதுவே எலும்புப்புரை. சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் அழற்சி மூச்சுக்குழாயோடு நிற்பதில்லை. அழற்சியைத் தூண்டும் புரதங்கள் இரத்தத்தில் கலந்து, எலும்பைக் கரைக்கும் செல்களை அளவுக்கு மீறி முடுக்கிவிடுகின்றன.

இதோடு வேறு காரணங்களும் சேர்ந்துகொள்கின்றன. புகைபிடிப்பது எலும்பைக் கட்டும் செல்களை நேரடியாகக் கெடுப்பதுடன், உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சும் திறனையும் குறைக்கிறது. மூச்சிரைக்கும் என்ற பயத்தில் நடமாட்டம் குறைந்தவருக்குத் தசையும் எலும்பும் ஒன்றாகவே கரைகின்றன. நோய் முற்றியவர்கள் உடல் மெலிந்துபோகிறார்கள்; குறைந்த எடையே எலும்பு முறிவுக்கு ஒரு காரணம். எல்லாவற்றுக்கும் மேலாக, நோய் தீவிரமாகும்போது அழற்சியைத் தணிக்கத் தரப்படும் ஸ்டீராய்டு மாத்திரை இருக்கிறது. அதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன். பல நாடுகளின் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், சிஓபிடி நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு எலும்புப்புரை இருப்பது தெரிகிறது.

முழங்கால் வலிக்குக் காரணமான மூட்டுத் தேய்மானம் வேறு, எலும்புப்புரை வேறு. முழங்காலில் வலி இல்லை என்பதால் எலும்பு உறுதியாக இருக்கிறது என்று கொள்ள முடியாது.

அம்மா ஒரு நாளும் சிகரெட் பிடித்ததில்லை. அவருக்கு ஏன் இந்த நோய்?

லயத்து வீடுகளில் பல ஆண்டுகள் விறகடுப்பின் முன் உட்கார்ந்து சமைத்தவர்களும், ரப்பர்ப் பாளங்களை உலர்த்தும் புகைக்கூடத்தில் வேலை செய்தவர்களும், புகைபிடிக்காமலேயே புகையைச் சுவாசித்தவர்கள். விறகுப் புகை சிஓபிடிக்கு நன்கு நிறுவப்பட்ட காரணம். சிறு வயதில் காசநோய் வந்து குணமானவர்களுக்கும் நுரையீரலில் தழும்பும் மூச்சுக்குழாய் விரிவும் தங்கிவிடுவதுண்டு. நீண்டகால ஆஸ்துமா மற்றொரு காரணம். இப்படிப்பட்ட பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாக மெலியும் காலமும், நுரையீரல் நோய் முற்றும் காலமும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துவிடுகின்றன.

மூச்சு மோசமாகும்போது தரும் ஸ்டீராய்டு மாத்திரை எலும்பை அரிக்கும் என்கிறார்களே. எவ்வளவு அரிக்கும்?

இந்தப் பக்கத்தில் இருப்பவற்றிலேயே முக்கியமான கேள்வி இது என்பது என் எண்ணம்.

சிஓபிடி திடீரெனத் தீவிரமடையும்போது, பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வீதம் 5 நாள்களுக்குத் தருவது இன்றைய நடைமுறை. கிளினிக்கில் தரும் 5 மில்லிகிராம் மாத்திரை என்றால் ஒரு வேளைக்கு 8 மாத்திரைகள். அந்த 5 நாள்களில் உடலில் சேர்வது 200 மில்லிகிராம். ஒருமுறை சாப்பிட்டதால் எலும்பு நொறுங்கிவிடாது. மூச்சு திணறும் வேளையில் அந்த மாத்திரையை மறுப்பது உயிருக்கே ஆபத்து. ஆனால் புகைமூட்டம் வந்தபோது ஒருமுறை, மழைக்காலச் சளியில் ஒருமுறை, தீபாவளிக்குப் பின் ஒருமுறை என்று ஓர் ஆண்டில் 5 முறை எடுத்தவருக்கு மொத்தம் 1000 மில்லிகிராம் சேர்ந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு மருத்துவர் தந்திருந்தால், இந்தக் கூட்டுத்தொகை யாருடைய கண்ணிலும் படாமல் போய்விடும். ஆகவே மாத்திரை தரப்பட்ட தேதியையும் அளவையும் எத்தனை நாள் என்பதையும் வீட்டில் ஒரு நோட்டில் எழுதி வைத்து, கிளினிக்குக்குப் போகும்போதெல்லாம் காட்டுங்கள். இதற்குச் செலவில்லை, எலும்புப் பரிசோதனைக்கு அனுப்புவதா என்று மருத்துவர் முடிவெடுக்க இதைவிடப் பயனுள்ள தகவல் அதிகம் இல்லை.

நாள்தோறும் குறைந்த அளவில் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு ஆபத்து இன்னும் தெளிவானது. அமெரிக்க மூட்டுநோயியல் கல்லூரி 2017இல் வெளியிட்ட வழிகாட்டி, நாளொன்றுக்கு 2.5 மில்லிகிராம் அளவையே 3 மாதங்களுக்கு மேல் எடுப்பவருக்கும் எலும்பு முறிவு வாய்ப்பைக் கணக்கிட வேண்டும் என்கிறது. நாளொன்றுக்கு 7.5 மில்லிகிராமும் அதற்கு மேலும் எடுப்பவர்களுக்கு முதுகெலும்பு முறியும் வாய்ப்பு ஏறக்குறைய 5 மடங்காவதை 2000ஆம் ஆண்டில் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. எலும்பு மிக விரைவாகக் கரைவது மாத்திரை தொடங்கிய முதல் 3 முதல் 6 மாதங்களில்தான்; எனவே ஓராண்டு போகட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. மாத்திரையை நிறுத்தியபின் ஆபத்து மெல்லக் குறைகிறது என்பது ஆறுதலான செய்தி. ஆனால் பல வாரங்கள் தொடர்ந்து எடுத்தவர் தானாகத் திடீரென நிறுத்தக் கூடாது. உடல் இயற்கையாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு அதற்குள் அடங்கிப் போயிருக்கும், இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அப்படியானால் நாளும் வாய்வழி மருந்து இழுக்கும் பம்ப்பையும் (இன்ஹேலர்) நிறுத்திவிடலாமா?

நிறுத்தக் கூடாது. பம்ப்பில் உள்ள ஸ்டீராய்டு மாத்திரையோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குச் சிறியது. அதுவும் பெரும்பாலும் நுரையீரலிலேயே தங்கி வேலை செய்கிறது. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சிஓபிடி நோயாளிகளை 3 ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2007இல் முடிவு வெளியிட்ட டார்ச் ஆய்வில், ஸ்டீராய்டு பம்ப் பயன்படுத்தியவர்களுக்கு எலும்பு முறிவு கூடுதலாக நிகழவில்லை. உயர்ந்த அளவில் பல ஆண்டுகள் பயன்படுத்தினால் சிறிதளவு கூடலாம் என்று வேறு ஆய்வுகள் கூறுகின்றன. எனவே மருத்துவர் தேவைக்கேற்ற குறைந்த அளவில் வைத்திருப்பார். சிஓபிடி நோயாளிகள் எல்லோருக்கும் ஸ்டீராய்டு பம்ப் தேவைப்படுவதுமில்லை. ஆனால் ஆஸ்துமாக்காரர் அதை விட்டுவிட்டால் நோய் மீண்டும் மீண்டும் தீவிரமாகி, கடைசியில் மாத்திரையில்தான் போய் நிற்க நேரிடும். பம்ப்பை ஒழுங்காக இழுப்பது எலும்பையும் காப்பாற்றுகிறது. பம்ப்போடு பொருத்தும் குழல் போன்ற ஸ்பேசர் வைத்து இழுத்து, பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய ஜமு மூலிகை மருந்து சாப்பிட்டால் முதுகு வலியும் மூச்சிரைப்பும் உடனே குறைகின்றன. தொடரலாமா?

அந்த "உடனே" என்பதுதான் கவலை தருகிறது. மலேசியாவில் பதிவு பெறாத பாரம்பரிய மருந்துகளில் டெக்சாமெதாசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் இரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பதைச் சுகாதார அமைச்சும் தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையும் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளன. வலியும் இரைப்பும் ஒரே மருந்தில் ஓரிரு நாளில் பறந்துபோனால், முகம் உப்பி, தோல் மெலிந்து, தொட்ட இடமெல்லாம் நீலம் பாரித்தால், மூலிகையின் பெயரில் ஸ்டீராய்டு உள்ளே போகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். பதிவு பெற்ற மருந்தின் உறையில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் எண்ணும் பாதுகாப்பு ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும். ஏற்கெனவே பல வாரங்களாகச் சாப்பிட்டு வந்தவர் அதைக் குப்பையில் போட்டுவிடாமல், பாக்கெட்டோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டுங்கள். முன்பு சொன்ன காரணத்தால், இதையும் தானாகத் திடீரென நிறுத்துவது ஆபத்து. யாரும் திட்டுவார்கள் என்று அஞ்சி மறைக்க வேண்டாம். வலியில் துடித்தவர் நிவாரணம் தேடியது குற்றமாகாது.

எலும்பு மெலிந்தால் வலிக்கும் அல்லவா? அப்போது மருத்துவரிடம் போனால் போதாதா?

எலும்பு மெலிவது வலிப்பதில்லை; முறிந்தபின்தான் வலிக்கிறது. அதிலும் முதுகெலும்பு நொறுங்குவது பாதிக்கு மேற்பட்டோருக்குத் தெரியாமலேயே நிகழ்ந்துவிடுகிறது. அரிசி மூட்டையைத் தூக்கியபோதோ, கட்டிலில் திரும்பியபோதோ, பலமாக இருமியபோதோ நிகழ்ந்திருக்கும். வாயு பிடித்துக்கொண்டது என்று தைலம் தேய்த்துப் படுத்திருப்பார்கள். அடையாள அட்டைக்காகவோ வேலைக்காகவோ இளமையில் எடுத்த நிழற்படத்தோடு இன்றைய நிற்கும் நிலையை ஒப்பிட்டுப் பாருங்கள். உயரம் 4 சென்டிமீட்டர் அளவுக்குக் குறைந்திருந்தாலும், சுவரில் குதிகாலை ஒட்டி நின்றால் பின்தலை சுவரைத் தொடவில்லை என்றாலும், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் இடையே இரண்டு விரல்கூட நுழையவில்லை என்றாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். நுரையீரலுக்காகப் பக்கவாட்டில் எடுத்த மார்பு எக்ஸ்ரேயிலேயே நடுமுதுகின் எலும்புகள் தெரியும். "முதுகெலும்பு ஏதேனும் நசுங்கியிருக்கிறதா, டாக்டர்?" என்று ஒரு வரி கேட்டால், ஏற்கெனவே எடுத்த படத்திலேயே விடை இருக்கலாம்.

முதுகு வலியோடு காய்ச்சல், இரவு வியர்வை, காரணமில்லாத எடைக்குறைவு ஆகியவை சேர்ந்திருந்தால் அதை எலும்புப்புரை என்று நாமாக முடிவு செய்யக் கூடாது. முதுகெலும்புக் காசநோயும், புகைபிடித்தவர்களுக்கு எலும்பில் பரவிய புற்றுநோயும் இப்படியே தொடங்கக்கூடும். கால் மரத்தாலும், பலம் குறைந்தாலும், சிறுநீர் அடக்க முடியாமல் போனாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பலமாக இருமியபின் திடீரென நெஞ்சு குத்தி மூச்சு அடைத்தால் விலா எலும்பு முறிந்திருக்கலாம், நுரையீரலைச் சுற்றிக் காற்றும் கசிந்திருக்கலாம், 999ஐ அழையுங்கள்.

முதுகெலும்பு நசுங்கினால் மூச்சும் கெடுமா?

கெடும். நுரையீரல் நோயாளிக்கு எலும்பு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு இதுவே நேரடியான விடை. நடுமுதுகின் எலும்பு ஒன்று நசுங்கும்போது, மூச்சை முழுதாக இழுத்து முழுதாக வெளிவிடும் கொள்ளளவில், அவருக்கு எதிர்பார்க்கப்படும் அளவின் ஏறத்தாழ 9 விழுக்காடு குறைகிறது என்று அளந்திருக்கிறார்கள். நல்ல நுரையீரல் உள்ளவர் அதைத் தாங்கிக்கொள்வார்; பாதி மூச்சில் வாழ்பவருக்கு அது குளியலறைக்கு நடக்க முடிவதற்கும் முடியாததற்கும் உள்ள வேறுபாடு. கூன் விழும்போது விலாக்கூடு சுருங்குகிறது, வயிறு மேலே தள்ளப்படுகிறது, சிறிது சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது. அதனால் உணவு குறைந்து எடையும் குறைகிறது. வலிக்குப் பயந்து இருமாமல் அடக்குபவருக்குச் சளி தேங்கி நிமோனியா வருகிறது. இப்படி ஒரு முறிவு நோயை ஒரு படி கீழே தள்ளுகிறது, அதற்காகத் தரும் ஸ்டீராய்டு அடுத்த முறிவுக்கு வழி செய்கிறது.

முறிவு ஏற்பட்டவருக்கு வலியைக் கட்டுப்படுத்துவது மூச்சைக் காப்பாற்றும் சிகிச்சையும் ஆகும். இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வலிமருந்தை மருத்துவர் சொன்னபடி மட்டும் கொடுங்கள், ஏனெனில் கடுமையான சில வலிமருந்துகள் மூச்சை மந்தமாக்கும். வேறு சில, ஆஸ்துமா உள்ள சிலருக்கு இழுப்பை வரவழைக்கும்.

எந்தப் பரிசோதனை? எங்கே எடுப்பது?

எலும்பின் அடர்த்தியை அளப்பது டெக்சா ஸ்கேன். வலியில்லாதது, சில நிமிடங்களில் முடிவது, கதிர்வீச்சும் மிகக் குறைவு. முடிவு டி-மதிப்பாக வரும். அது உங்கள் எலும்பை ஆரோக்கியமான இளம் வயதினரின் எலும்போடு ஒப்பிடுகிறது. 1994இல் உலகச் சுகாதார நிறுவனம் வகுத்தபடி, -2.5 அல்லது அதற்கும் கீழ் இருந்தால் எலும்புப்புரை, -1க்கும் -2.5க்கும் இடையில் இருந்தால் எலும்பு மெலியத் தொடங்கியிருக்கிறது. ஆனால் ஸ்டீராய்டு எடுப்பவருக்கு -2.5ஐத் தொடாமலேயே முறிவு நேர்கிறது. எண்ணைப் பார்த்து நிம்மதியடைந்துவிடாமல், எடுத்த மாத்திரைகளின் கணக்கையும் மருத்துவர் முன் வையுங்கள்.

சிறிய ஊர்களில் இந்தக் கருவி இருப்பதில்லை. முதலில் 1 ரிங்கிட் கட்டணத்தில் பார்க்கும் அரசு சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானில் கேட்டு, ஈப்போ போன்ற பெரிய ஊரிலுள்ள மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் பெற வேண்டும். காத்திருக்க வேண்டியிருக்கலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, காத்திருக்கும் நாள்களிலேயே வீட்டில் போடக்கூடிய ஒரு கணக்கு உண்டு. மலேசியா உள்ளிட்ட 8 ஆசிய நாடுகளின் பெண்களை ஆராய்ந்து 2001இல் வகுத்த இந்தக் கணக்கில், கிலோவில் உள்ள எடையிலிருந்து வயதைக் கழித்து 0.2ஆல் பெருக்க வேண்டும். எடை 42 கிலோ, வயது 65 என்றால் விடை -4.6. -4க்குக் கீழே போனால் ஆபத்து அதிகம். இக்கணக்கு ஸ்டீராய்டைப் பற்றி ஒன்றும் அறியாது. ஆகவே விடை நன்றாக வந்தாலும், மாத்திரை அடிக்கடி எடுப்பவர் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

ஆண்களுக்கும் வருமா?

வரும். எலும்புப்புரையைப் பெண்களின் நோய் என்று நினைப்பதால் ஆண்களைப் பரிசோதிக்கத் தவறுகிறோம். நீண்டகாலம் புகைபிடித்து, மது அருந்தி, உடல் மெலிந்து, அடிக்கடி ஸ்டீராய்டு எடுக்கும் ஆணுக்கு ஆபத்து மிக அதிகம். இடுப்பெலும்பு முறிந்தபின் ஓராண்டுக்குள் இறப்பவர்களில் ஆண்களின் விகிதமே கூடுதல். புகையை விடுவதற்கு அரசு கிளினிக்குகளில் உதவி கிடைக்கிறது. மூச்சுக்கும் எலும்புக்கும் ஒருசேர நன்மை தருவதில் அதற்கு ஈடான மருந்து இல்லை.

எதைச் சாப்பிட வேண்டும்?

வயது முதிர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 1000 முதல் 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். ஒரு கோப்பை பாலில் ஏறத்தாழ 300 மில்லிகிராம் கிடைக்கிறது. டின் பால் ஊற்றிய தே தாரிக் அந்தக் கணக்கில் சேராது; அதில் இருப்பது பெரும்பாலும் சீனி. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் முள்ளோடு உண்ணும் நெத்திலி, டின் சார்டின், தவ்பு, கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை ஆகியவற்றை மாற்றி மாற்றிச் சேர்க்கலாம். நெத்திலியின் உப்பைக் கழுவிக் குறைத்துவிடுங்கள். ஒரே வேளையில் நிறையச் சாப்பிட்டால் மூச்சு முட்டும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாக 5, 6 வேளை கொடுப்பது நல்லது. முட்டையும் மீனும் பருப்பும் குறையக் கூடாது, ஏனெனில் தசை இல்லாமல் எலும்பு நிற்காது.

வைட்டமின் டி நாளொன்றுக்கு 600 முதல் 800 அலகுகள் தேவை. வெயில் கொளுத்தும் நாட்டில் இதற்கென்ன பஞ்சம் என்று கேட்கலாம். தோட்டத்தில் இருந்தவரை பஞ்சமில்லைதான். அடுக்குமாடி வீட்டின் நான்காம் மாடியில், படியிறங்க மூச்சில்லாமல் அடைந்து கிடப்பவருக்கு வெயில் எங்கிருந்து கிடைக்கும்? மாத்திரை தேவையா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

நடக்கச் சொல்கிறீர்கள். விழுந்துவிட்டால்?

விழாமலிருக்கவே நடக்க வேண்டும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவதைக் காலையும் மாலையும் முடிந்த அளவு செய்யச் சொல்லுங்கள். எழும்போது உதடுகளைக் குவித்து மெல்ல ஊதியபடி எழுந்தால் இரைப்பு குறையும். முதுகெலும்பு ஏற்கெனவே நசுங்கியவர் குனிந்து காலைத் தொடும் பயிற்சிகளையும், குனிந்தபடி உடலைத் திருகுவதையும் தவிர்க்க வேண்டும். புகைமூட்ட நாள்களில் வீட்டுக்குள்ளேயே செய்யலாம், விட்டுவிடத்தான் கூடாது.

வீட்டில் பார்க்க வேண்டியவை: ஈரமான குளியலறைத் தரை, கதவோரத்து வழுக்கும் மிதியடி, இரவில் விளக்கில்லாத நடை, எல்லாவற்றுக்கும் மேலாக ஆக்ஸிஜன் குழாய். தரையில் நீண்டு கிடக்கும் அந்தக் குழாயில் கால் சிக்கி விழுவது எளிது. சுவரோரமாக ஒதுக்கிக் கட்டுங்கள். தூக்க மாத்திரை மூச்சையும் மந்தமாக்கும், இரவில் விழவும் வைக்கும். மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்.

எலும்புக்கான மருந்தை எப்படிச் சாப்பிடுவது, எவ்வளவு காலம்?

பெரும்பாலும் முதலில் தரப்படுவது வாரம் ஒருமுறை எடுக்கும் அலெண்ட்ரோனேட் 70 மில்லிகிராம் மாத்திரை. காலையில் வெறும் வயிற்றில், ஒரு முழுக் குவளை வெறுந்தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்திருக்க வேண்டும். அதற்குள் காப்பியோ தேநீரோ கால்சியம் மாத்திரையோ எடுத்தால் மருந்து உடலில் சேராது. படுத்துவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். நெஞ்செரிச்சல் உள்ளவர்களும் சிறுநீரகம் மிகத் தளர்ந்தவர்களும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு வேறு வழிகள் உண்டு: ஆண்டுக்கொரு முறை நரம்பு வழி ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம், அதுவும் சிறுநீரகத்தைச் சோதித்தபின், 6 மாதத்துக்கொரு முறை தோலடியில் போடும் டெனோசுமாப் ஊசி. பல் பிடுங்க வேண்டியிருந்தால் இயன்றவரை இவற்றைத் தொடங்கும் முன் பிடுங்கிவிடுவது நல்லது. அரிதாகத் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு. தொடையில் இனம் தெரியாத வலி நீடித்தால் தெரிவியுங்கள்.

மாத்திரையை 5 ஆண்டுகளிலும் சோலெட்ரோனிக் அமிலத்தை 3 ஆண்டுகளிலும் மறு ஆய்வு செய்து, இடைவெளி விடலாமா என்று மருத்துவர் பார்ப்பார். ஸ்டீராய்டு தொடர்பவருக்கும் ஏற்கெனவே முறிவு கண்டவருக்கும் பெரும்பாலும் தொடரச் சொல்வார். டெனோசுமாப் மட்டும் அப்படியன்று. அதை நிறுத்தினாலோ தள்ளிப்போட்டாலோ, சேர்த்த எலும்பு விரைவாகக் கரைந்து ஒன்றுக்கு மேற்பட்ட முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கக்கூடும்; வேறு மருந்துக்கு மாற்றாமல் விடவே கூடாது. மகன் வீட்டில் சில மாதம் இருக்கப் பெற்றோரைக் கோலாலம்பூருக்கோ ஜொகூருக்கோ அழைத்துச் செல்பவர்கள், அடுத்த ஊசியின் தேதியைக் குறித்துக்கொண்டு, அங்கே போடுவதற்கான கடிதத்தைப் புறப்படுவதற்கு முன்பே கிளினிக்கில் கேட்டு வாங்கிவிடுங்கள்.